துக்க எடம் இரண்டு

மல்லாங்கிணற்றில் படம் வரைகிற பானுப்பிரியா வீட்டுக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதைப் படித்துவிட்டு அவளைத் திட்டாமல் திரும்பிய ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. மாதம் ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்குப் பெயர் எழுதத் தொடங்குவாள். எட்டுப் பெயர் சேர்ந்ததும் நோட்டை மூடிவிடுவாள். அடுத்த ஒன்றாம் தேதி வரைக்கும் கலெக்டரே வந்து நின்றாலும் திறக்க மாட்டாள். அந்த எட்டும் உயிரோடு இருக்கிறவர்கள் படம். கல்யாணப் பரிசு, அறுபதாம் கல்யாணம், சென்னையில் இருக்கிற மகன் அப்பாவுக்கு அனுப்புவது, இப்படி. அதற்கு வெளியே மாதத்துக்கு இரண்டு இடம் செத்தவர்கள் படத்துக்கென்று தனியாக வைத்திருப்பாள். துக்க எடம் என்று அவளே பேர் வைத்தாள். முதலில் சொல்கிறவர்களுக்கு ஒன்று, அடுத்தவர்களுக்கு இரண்டு. மூன்றாவது ஆள் காத்திருக்க வேண்டும். முன்னால் உள்ளவர்கள் யாராவது வேண்டாம் என்று விட்டால் உண்டு, இல்லையென்றால் அடுத்த மாதம். படம் முடிந்ததும் கீழ் மூலையில் வரிசை எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடுவாள். து-1, து-2. யாரும் யாரையும் முந்தவில்லை என்பதற்கு அத்தாட்சியாம்.

என் பெயர் நாகையா. விஸ்வநத்தம் விலக்கில் படங்களுக்குப் பிரேம் போடும் கடை வைத்திருக்கிறேன். பானுப்பிரியா சிவகாசியில் ஒரு அச்சாபீசில் ஆறு வருஷம் வெடிப்பெட்டி லேபிளுக்கு மயிலும் புலியும் வரைந்துகொண்டிருந்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய் உட்கார்ந்து பென்சிலில் ஆள் முகம் வரைய ஆரம்பித்தாள். எங்கள் பக்கத்து ஆர்டர்கள் என் மூலமாகத்தான் அவளுக்குப் போகும். போட்டோவை நான் போனில் அனுப்புவேன். வரைந்து முடித்ததும் போய் வாங்கிவந்து கண்ணாடி போட்டுக் கொடுப்பேன்.

போட்டோவையே பெரிதாக்கி மாட்டினால் போதாதா என்று கேட்கிற புத்திசாலிகள் உண்டு. எங்கள் ஆட்களிடம் போட்டோ இருந்தால்தானே. பட்டாசு ஆலையை நாங்கள் ஆபீஸ் என்போம். ஆபீசுக்குப் போகிற ஆளுக்கு ஆதார் அட்டையில் ஒரு முகம் இருக்கும், இருக்கன்குடியில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு நின்ற முகம் ஒன்று இருக்கும். அவ்வளவுதான். செல்போனில் கேட்டால் ஒரு நிமிஷத்தில் புது முகம் செய்து தருகிறது. அது புதுமாப்பிள்ளை மாதிரி இருக்கும், செத்தவன் மாதிரி இருக்காது. பானுப்பிரியா அந்த வீட்டுக்காரர்களைப் போனில் பிடித்து ஒரு மணி நேரம் கேட்பாள். சிரித்தால் உதடு எந்தப் பக்கம் கோணும், எந்தப் பல் தூக்கலாக இருக்கும், கோபம் வந்தால் கண் சின்னதாகுமா பெரிசாகுமா என்று. ஐந்து நாள் கழித்துப் படத்தைப் பார்த்தால் பெண்டாட்டி பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பதினாறாம் நாள் விசேஷத்தில் அவள் வரைந்த படத்தை வைத்து மாலை போட்டால்தான் எங்கள் தெருக்களில் இப்போது மரியாதை.

முதலில் அவளுக்கு நோட்டும் கிடையாது, சட்டமும் கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் சரி சரி என்றாள். சத்தம் போட்டவர்களுக்கு முதலில் வரைந்தாள், சும்மா இருந்தவர்கள் சும்மாவே இருந்தார்கள். வெம்பக்கோட்டைப் பக்கத்து அம்மா ஒருத்தி பதினோரு மாதம் காத்திருந்துவிட்டு, ஒரு நாள் வந்து வாசலில் நின்று மூன்று கை மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். அதற்கப்புறம்தான் அந்தத் தாள்.

“யாரு அளுதாலும் வரிசைதான் அண்ணாச்சி. யாரு அளுகை பெரிசுன்னு பாத்து எடம் குடுக்க எனக்குத் தெரியாது” என்றாள்.

நல்ல சட்டம்தான். அதை நான் கெடுத்தேன்.

வைகாசி முதல் வாரம், செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஆபீசில் மருந்து கலக்கும் ரூம் ஒன்று வெடித்துவிட்டது. அந்த வெக்கையில் ஒன்பது மணிக்கு மேல் மருந்து ரூமுக்குள் ஆள் நிற்கவே கூடாது. ஆர்டர் நெருக்கடி, நிற்க வைத்திருந்தார்கள். சாத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டார். எங்கள் தெரு மணிமுத்து உள்ளே மாட்டிக்கொண்டான். அதே தெருப் பாண்டி ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்துவிட்டான். வந்தவன் மணியின் சத்தம் கேட்டுத் திரும்பவும் உள்ளே போய் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். மணிக்குத் தீக்காயம் எழுபது பர்சண்ட் என்று மதுரைக்கு அனுப்பினார்கள். பாண்டிக்கு முப்பது பர்சண்ட், பயமில்லை என்று சிவகாசியிலேயே வைத்துக்கொண்டார்கள். இந்தப் பர்சண்ட் கணக்கு எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஐம்பதுக்கு மேல் என்றால் பந்தலுக்குச் சொல்லிவிடுவார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கடையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். மணிமுத்துவின் அம்மா குருவம்மாள் வந்து நின்றாள். பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற பொம்பளை. எத்தனை தடவை கழுவினாலும் காது மடலுக்குள் சில்வர் பொடி மினுங்கிக்கொண்டே இருக்கும். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. மடியிலிருந்து மகனுடைய கல்யாணப் போட்டோவை எடுத்தாள்.

“நாகையா, இதுல எம் மவன மட்டும் பிரிச்சு எடுக்க முடியுமா?”

“எதுக்குக்கா?”

“மல்லாங்கிணத்துப் பிள்ள நோட்டுல பேரு போடணும்.”

“மணி உசுரோடல்ல இருக்கான்.”

“எளுவதுய்யா. எனக்குத் தெரியாதா?”

நான் விளக்குமாறைக் கீழே வைத்தேன். அவள் போட்டோவை மேசையில் வைத்து, மகன் பக்கத்தில் மாலையோடு நின்ற மருமகளை உள்ளங்கையால் மறைத்துக் காட்டினாள்.

“இவ்வளவு போதும்லா? எம் புருசன் முத்துக்கருப்பன் வெடியில போனப்ப வீட்டுல ஒரு படம் கெடையாது. பதினாறுக்கு ஒரு செங்கல்லுக்கு வேட்டியக் கட்டி வச்சுக் கும்பிட்டோம். இருவத்திரெண்டு வருசமாச்சு. இப்பக் கண்ண மூடுனா செங்கல்லுதான்யா வருது. அந்த மனுசன் மொகம் வரமாட்டேங்குது. மணியவும் அப்படி விட முடியாது.”

“ஆகுறது ஆகட்டும். பொறவு கேட்டா கெடைக்காமயா போயிரும்?”

“ரெண்டு எடந்தான. சாத்தூர்க்காரக ஒண்ண எடுத்துட்டாகன்னு நேத்து நீதான சொன்ன. மிச்சத்தையும் எவளாவது எடுத்துட்டா நான் எங்க போயி நிப்பேன்?”

நான் அவளைத் திட்டி அனுப்பியிருக்க வேண்டும். திட்டத்தான் வாயைத் திறந்தேன். “போன ஆளுக்குத்தான் அந்த எடம்கா. உசுரோட இருக்கான்னு தெரிஞ்சா அது எழுதாது” என்றேன். அதோடு நிறுத்தினேனா? தொழில்காரன் வாய் அல்லவா. “நேத்தே போயிட்டான்னு சொன்னா எழுதிக்கிடும். மல்லாங்கிணத்துல இருக்க பிள்ளைக்கு இங்கன நடக்கிறது என்ன தெரியும்?” என்று நானேதான் சொன்னேன்.

குருவம்மாள் தலையை ஆட்டினாள். நான் போன் போட்டேன்.

“எப்பத் தவறினாரு அண்ணாச்சி?”

“நேத்துத் தாயி. அந்த எடத்துலயே.”

“நீங்க சொன்னாச் சரி. மணிமுத்து, விஸ்வநத்தம். துக்கம் ரெண்டு. எழுதிட்டேன்.”

ஒரு ஆளைக் கொல்ல எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

பதினோரு மணிக்குப் பாண்டி செத்துப்போனான். தோலில் முப்பதுதானாம். புகை நெஞ்சுக்குள் இறங்கியிருந்ததை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

எரித்துவிட்டு வந்த மறுநாள் அவன் பெண்டாட்டி சின்னத்தாய் என் கடைக்கு வந்தாள். கையில் இருக்கன்குடி போட்டோ. மொட்டைத்தலையோடு பாண்டி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். சந்தனத்துக்கு மேல் பாதி முகத்தில் நிழல்.

“இதுல தலைமுடி வச்சு வரைஞ்சிருமா அண்ணே அந்தப் பிள்ள?”

“வரைஞ்சிரும்.”

“அப்பச் சொல்லுங்கண்ணே. நல்ல சட்ட போட்ட மாதிரி வரையச் சொல்லுங்க. அவருக்கு நீலச் சட்டன்னா உசுரு. பென்சில்ல நீலம் வராதுல்ல? சரி, சட்ட போட்டிருந்தாப் போதும்.”

நான் போன் போட்டேன். மூன்றாவது எண் என்று பானுப்பிரியா சொன்னது ஸ்பீக்கரில் சின்னத்தாய்க்கும் கேட்டது. ரெண்டாவது யாரென்று சின்னத்தாய் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. பானுப்பிரியாவிடம் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் என்னை இனி நம்ப மாட்டாள், எங்கள் பக்கத்து ஆர்டரை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவாள். அந்தப் பயம்தான், வேறொன்றுமில்லை.

சின்னத்தாய் விடவில்லை. வெடி நடந்த எட்டாம் நாள் பஸ் ஏறி மல்லாங்கிணற்றுக்கே போய்விட்டாள். அங்கே நடந்ததைப் பானுப்பிரியா சாயங்காலம் போனில் சொன்னாள்.

“கல்யாணப் படம் ஒரு மாசம் பொறுக்காதான்னு கேட்டாக அண்ணாச்சி. பொறுக்கும்தான். நான் இல்லங்கல. ஆனா போன வருசம் இப்படித்தான ஒருத்தரத் தள்ளி வச்சு, அடுத்து ஒருத்தரத் தள்ளி வச்சு, யாரு எங்க நிக்கிறாகன்னே தெரியாமப் போச்சு. எங்க அத்த மகனுக்கே நான் எடம் குடுக்கல. யாராவது வேண்டாம்னு விட்டா ஒங்களுக்குத்தான் சித்தின்னு சொன்னேன். நாளைக்கும் வந்து பாக்கிறேன்னு போயிருக்காக. எனக்குச் சோறு எறங்கல.”

“நீ என்ன செய்வ தாயி” என்று நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். என் யோக்கியதைக்கு ஆறுதல் வேறு.

ஒன்பதாம் நாள் புதன்கிழமை மணிமுத்துவின் பெண்டாட்டி மாரிசெல்விக்கு மாற்றுச்சேலையும், அவித்த முட்டையும், ஒரு தூக்குவாளிச் சோறும் எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் தீக்காயம் வார்டுக்கு வெளியே வராந்தாவில் பாய் விரித்து அவள் ஒன்பது நாளாக இருந்தாள். இருபத்தேழு வயசுப் பிள்ளை, நாற்பது மாதிரி ஆகிவிட்டாள். அவளுடைய தம்பி மருந்துச் சீட்டோடு அலைந்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சிரித்தாள்.

“மாமா, காலையில பெரிய டாக்டரு வந்தாக. உசுருக்குப் பயமில்லைன்னுட்டாக. கஞ்சி குடிச்சாரு. வாளிக் கஞ்சியில அரை வாளி போச்சுன்னா பாருங்க.”

எனக்குப் பானுப்பிரியாவின் நோட்டுதான் நினைவுக்கு வந்தது. நல்ல செய்தி கேட்டுப் பயந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

முட்டையை உரித்து மஞ்சள் கருவைத் தனியே எடுத்துத் தம்பிக்குக் கொடுத்தாள். வெள்ளையை மட்டும் கிண்ணத்தில் போட்டாள். அதைத்தான் புண்ணுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“முந்தாநாள் கட்டுப் பிரிச்சப்ப பாத்தேன் மாமா. மொகம் இல்ல. ஒரு காது இல்ல. பளையபடி வராதுன்னு சிஸ்டர் சொல்லிட்டாக. வராட்டிப் போகுது. குரலு அதே குரலுதான். கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா அவருதான்.”

“அது போதும் தாயி.”

“பிள்ள எப்படி இருக்கா? என்னத் தேடுறாளா?”

அன்று காலையில் அவள் மகள் வாசலில் உட்கார்ந்து சேவு தின்றதைப் போனில் பிடித்து வைத்திருந்தேன். அதைப் போட்டுப் போனை அவள் கையில் கொடுத்தேன். அவள் மூன்றாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது பானுப்பிரியாவிடமிருந்து படம் ஒன்று வந்து விழுந்தது. சரியாக வருகிறதா என்று பாதியில் அனுப்பிக் கேட்பது அவள் வழக்கம். மாரிசெல்வி அதைத் தொட்டுத் திறந்துவிட்டாள்.

நெற்றியும் இரண்டு கண்ணும் முடிந்திருந்தன. மூக்குக்குக் கீழே வெறும் கோடு. அடியில் சின்ன எழுத்தில் தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி. மறைவுக்கு நேரே வெடி நடந்த செவ்வாய்க்கிழமை.

அவள் எழுந்து வார்டுக் கதவின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். கொசுவலைக்குள் அவன் வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு என் போனிலிருந்தே மாமியாரைக் கூப்பிட்டாள்.

“அத்த, எம் புருசன் என்னைக்கு அத்த செத்தாரு?”

குருவம்மாள் அந்தப் பக்கம் சொன்னது எனக்கும் கேட்டது.

“சாகலைன்னா சந்தோசம்தான். படம் ஒரு மூலையில கெடந்துட்டுப் போகுது. ஒங்க மாமனுக்கும் பயமில்லைன்னுதான் சொன்னாக. பதிமூணாம் நாளு துணியில சுத்திக் குடுத்தாக.”

“பேர அடிக்கச் சொல்லுங்க.”

“சொல்ல மாட்டேன்.”

“அப்ப நான் போயிச் சொல்றேன்.”

போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கேட்டாள். “அவரு பேர அடிச்சா அந்த எடம் யாருக்கு மாமா?”

“சின்னத்தாயிக்கு.”

“பாண்டி சித்தப்பாவுக்குப் பதினாறு என்னைக்கு?”

“வர்ற வாரம் வியாளன். இன்னும் எட்டு நாளு இருக்கு.”

“படம் போட?”

“அஞ்சு நாளு.”

“அப்ப ஆயிரும்ல. கெளம்புங்க.”

காரியாபட்டி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினோம். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரிக் காற்று. வழியில் ஒரே ஒரு தடவை, “எம் புருசனத் தோளுல போட்டு வந்த மனுசன். அவரு எடத்தப் போயி எடுத்து வச்சிருக்கீகளே, ஒங்களுக்கெல்லாம் சோறு எப்படி மாமா எறங்குது?” என்றாள். எனக்கு இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அதையா சொல்ல முடியும்.

மல்லாங்கிணற்றில் பானுப்பிரியா வீட்டு முன்னால் ஒரு வேம்பு. அதன் அடியில் சின்னத்தாய் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலும் மஞ்சள் பையும். எங்களைக் கண்டதும் எழுந்து ஓடிவந்து மாரிசெல்வியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“மணி எப்படித் தாயி இருக்கான்?”

“பொளச்சுக்கிட்டாரு சித்தி.”

“மாரியாத்தா.” சின்னத்தாய் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். “போனவரு வீணாப் போகல. எனக்கு இது போதும்.” மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். “ஆமா, ஆஸ்பத்திரிய விட்டுட்டு நீ எதுக்கு இங்கன வந்த? எனக்காகப் பேசவா வந்த?”

மாரிசெல்வி என்னைப் பார்த்தாள். “ஆமா சித்தி. இருங்க, வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன்.

பானுப்பிரியா தரையில் சாய்வுப் பலகையை வைத்து வரைந்துகொண்டிருந்தாள். வரைந்து வரைந்து வலி கண்ட வலது மணிக்கட்டில் துணிக்கட்டு. எழுந்து கும்பிட்டாள். யார் என்று நான் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. ஓடிப்போய் நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்துப்போட்டு, “உக்காருங்க மதினி” என்றாள். மாரிசெல்வி உட்காரவில்லை.

“நான் ஒண்ணு சொல்லத்தான்…”

“சொல்லுங்க மதினி. மொதல்ல படத்தப் பாருங்க. அண்ணாச்சிக்கு அனுப்புனேன், பதிலே வரல. கண்ணு சரியா வந்திருக்கான்னு நீங்கதான் சொல்லணும்.”

பலகையைத் திருப்பி வெளிச்சத்துக்கு வைத்தாள்.

போனில் பார்த்தது ஒன்றுமேயில்லை. தாளில் ஆள் அளவுக்குப் பெரிய கண்கள். மணிமுத்து பேச்சைத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்ப்பான், கேலி செய்யப் போகிறான் என்று நமக்குத் தெரிந்துவிடும். அந்தப் பார்வை. மாரிசெல்வி குனிந்து பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள். நான் காத்திருந்தேன். வாசல் வழியாக வேப்பமரமும் சின்னத்தாயின் முழங்காலும் தெரிந்தன.

“இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும்” என்றாள் மாரிசெல்வி.

“எங்கன மதினி?”

“இங்கன. கபடி ஆடறப்ப விளுந்தது. முடி மொளைக்காது.”

பானுப்பிரியா பென்சிலை எடுத்தாள். ரப்பரால் தொட்டு, இரண்டு கோடு இழுத்தாள். “இப்படியா?”

“இன்னுங் கொஞ்சம் சாஞ்சு. ஆங், அதுதான்.”

“மாரி” என்று நான் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை.

“ஒதடு எப்படி மதினி இருக்கும்?”

“மேல் ஒதடு மெல்லிசு. சிரிச்சா வலது பக்கம் மட்டும் ஏறும். பல்லு தெரியாது. கன்னத்துல இந்த இடத்துல ஒரு மச்சம், போட்டோவுல விளுந்திருக்காது. காது ரெண்டும் கொஞ்சம் தூக்குனாப்புல இருக்கும், அவுக அம்மா மாதிரி. ரெண்டு காதும் வரைஞ்சிருவீகல்ல?”

“ரெண்டும் தெரியும் மதினி. நேர் மொகம்தான.”

ஒரு மணி நேரம் சொன்னாள். தாடை, கழுத்து எலும்பு, நெற்றியில் விழுகிற முடி. சொல்லச் சொல்ல அவள் குரலில் ஒரு ஆசை வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் பெண்கள் கிணற்றடியில் பேசிக்கொள்வார்களே, அந்தக் குரல். நான் சுவரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளாவது ஒன்பது நாள் வராந்தாவில் கிடந்தவள். எனக்கு என்ன கேடு?

கடைசியில் பானுப்பிரியா பென்சிலைக் கீழே வைத்தாள். “ஏதோ சொல்ல வந்தீகளே மதினி.”

“ஒண்ணுமில்ல. முடிச்சுக் குடுங்க.”

“தேதி சரிதானா? செவ்வாய்க்கிளமதான தவறினாரு?”

மாரிசெல்வி படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஆமா. செவ்வாய்க்கிளமதான்.”

வெளியே வந்தோம். சின்னத்தாய் எழுந்து நின்றாள். எங்களுக்காக வாங்கிவந்திருந்தாள் போல, கையில் இரண்டு கலர் பாட்டில். மூடியைத் திறந்து மாரிசெல்வியிடம் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

“என்ன தாயி சொல்லுச்சு?”

மாரிசெல்வி ஒரு வாய் குடித்தாள். “எடம் இல்லையாம் சித்தி” என்றாள்.

வியாழக்கிழமை பாண்டிக்குப் பதினாறு நடந்தது. இருக்கன்குடிப் படத்தைப் பெரிதாக்கினால் சந்தனம்தான் பெரிதாகத் தெரிந்தது. அதனால் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பெரிதாக்கி, நான்தான் பிரேம் போட்டுக் கொடுத்தேன். கண், மூக்கு எல்லாம் மையாக அப்பிக்கொண்டு வந்திருந்தது. விசேஷத்துக்கு வந்த அவனுடைய சொந்த அக்காவே படத்துக்கு முன்னால் நின்று, “இதுவா எந்தம்பி?” என்று கேட்டாள். சோறு நன்றாகத்தான் போட்டார்கள். நானும் சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் இடம் இருக்கிறது என்று பானுப்பிரியா சொன்னபோது, பதினாறே முடிந்துவிட்டது, இனி எதுக்கு என்று சின்னத்தாய் விட்டுவிட்டாள். மணிமுத்து படம் முடிந்து என் கடைக்கு வந்து மூன்று மாதம் பழைய பேப்பரில் சுற்றிக் கிடந்தது. ஆவணிக் கடைசியில் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். வருவதற்கு முதல் நாள் மாரிசெல்வி வந்தாள். “ரெண்டு தேதியையும் அளிச்சுட்டுப் பிரேம் போடுங்க மாமா. பிள்ளைக்கு அப்பா மொகம் தெரியணும்” என்றாள். ரப்பரால் அழித்தேன். படத்தைச் சுற்றி வைக்கிற மவுண்ட் அட்டையை அரை அங்குலம் உள்ளே தள்ளி வெட்டியிருந்தால் மூலையில் இருந்த எண்ணும் கையெழுத்தும் மறைந்திருக்கும். மறந்துவிட்டேன் என்றுதான் அவளிடம் சொன்னேன். நம்புகிறவர்கள் நம்பலாம்.

சீசன் நேரம். தெருவில் லோடு லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. மணிமுத்துவைப் பார்க்க வருகிறவர்கள் வாசலில் செருப்பை விடும்போதே முகத்தை ஒரு மாதிரி தயார் செய்துகொண்டு உள்ளே போவார்கள். போனதும் கண்ணை உயர்த்திச் சுவரில் இருக்கிற முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். அவன் கட்டிலில் இருந்து பதில் சொல்வான். அவன் மகள் அந்தப் படத்துக்குக் கீழேதான் விளையாடுவாள், கட்டில் பக்கம் வர மாட்டாள்.

சின்னத்தாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தாள். அன்று நானும் அங்கே இருந்தேன். மணிமுத்துவின் கையைத் தொட்டுப் பார்த்தாள். “வலிக்குதாய்யா?” என்றாள். “இப்ப இல்ல சித்தி” என்றான் அவன். தோல் இழுத்துக்கொண்டதில் வார்த்தை குழறியது. மாரிசெல்வி காப்பி போட உள்ளே போனாள். சின்னத்தாய் தலையைத் தூக்கிப் படத்தைப் பார்த்தாள். எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தாள். மூலையில் விரலை வைத்தாள்.

“துக்கம் ரெண்டு” என்றாள். “நான் மூணு.”

குருவம்மாள் உரித்துக்கொண்டிருந்த பூண்டைக் கீழே வைத்தாள். மாரிசெல்வி டம்ளரோடு அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள்.

“என்ன சித்தி மூணு?” என்றான் மணிமுத்து.

“ஒண்ணுமில்லய்யா. வரிசை நம்பரு.” சின்னத்தாய் மாரிசெல்வியைப் பார்த்துத்தான் பேசினாள். குரல் உயரவில்லை. “அவரு அன்னைக்கி வெளிய வந்துட்டாரு தாயி. கீறல் இல்லாம வந்துட்டாரு. ஒம் புருசன் சத்தம் கேட்டுத்தான் திரும்பப் போனாரு. நீ என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். என் கையில கலர வாங்கிக் குடிச்சுக்கிட்டு எடம் இல்லைன்னு சொன்னியே.”

மணிமுத்துவுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் அவன் அந்த மிச்ச முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“அத எறக்கு” என்றான்.

“எறக்கக் கூடாது” என்றாள் குருவம்மாள்.

“அம்மா, எறக்கு.”

“ஒன்னால முடிஞ்சா எறக்கிக்கோ.”

அவனுக்குக் கை தோளுக்கு மேல் போகாது. எல்லோருக்கும் தெரியும். மாரிசெல்வி காப்பியைச் சின்னத்தாய் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மறுநாள் காலை சின்னத்தாய் என் கடைக்கு வந்தாள். ஆதார் படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். மேசையில் வைத்தாள்.

“இத நீங்களே வச்சுக்கோங்கண்ணே.”

“வர்ற ஒண்ணாந்தேதி பத்து மணிக்கு நானே ஒம் பேரச் சொல்றேன் தாயி. நல்ல படமாப் போட்டுருவோம்.”

“வேண்டாம். நாலு மாசமா இதப் பாத்துப் பாத்து எனக்கு அவரு மொகம் போயிருச்சு. அந்தப் பிள்ள போன் போட்டு ஒதடு எப்படி இருக்கும், கண்ணு எப்படி இருக்கும்னு கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?”

துண்டை உதறி மடித்துக்கொண்டு போய்விட்டாள். பிரேமை உடைத்துக் கண்ணாடியை வேறு படத்துக்குப் போட்டிருக்கலாம், கை வரவில்லை. கடைச் சுவரில் ஆணி ஒன்று சும்மா இருந்தது, அதில் மாட்டினேன். படம் வாங்க வருகிறவர்கள் இது யாரு அண்ணாச்சி என்று கேட்கிறார்கள். சும்மா, பிரேம் சாம்பிளுக்கு மாட்டி வைத்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.